கடைவாய்ப்பல்லும் தோட்டத்துக் கடனும்

"பல் போனால் சொல் போச்சு" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அடிக்கடி சொல்வார்கள். அதே பெரியவர்கள்தான் கடைவாய்ப்பல் ஆடத் தொடங்கியதும், "வயசானா ஆடத்தான் செய்யும், பிடுங்கிட்டா தொல்லை விட்டது" என்றும் சொல்வார்கள். முன்பல் போனால் வெளியே தெரியும், வெட்கம் வரும். கடைவாய்ப்பல் போனால் யாருக்கும் தெரிவதில்லை. அதனால் அதற்காகக் கவலைப்படுபவர்களும் குறைவு.

கடைவாய்ப்பல் ஆடுவதற்கு வயதுதான் காரணமா? பிடுங்குவது ஒன்றுதான் வழியா? இரண்டு கேள்விக்கும் இன்றைய பல் மருத்துவம் 'இல்லை' என்றே பதில் சொல்கிறது. அழிந்துபோன எலும்பையும் ஈற்றின் பிடிப்பையும் ஓரளவு மீண்டும் வளரச் செய்யும் அறுவைச் சிகிச்சை 1980களிலிருந்தே உலகில் இருக்கிறது. ஈறு நோயைப் பற்றி இன்று மருத்துவர்கள் அறிந்திருப்பதில் ஒரு பெரும் பகுதி, நம்மைப் போலவே தோட்டத்தில் வாழ்ந்த தமிழர்களின் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. இதை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்போம்?

பெக்கோக்கும் பால்மரக் காலமும்

ஜொகூர் மாநிலத்தின் சிகாமட் மாவட்டத்தில், லாபிசுக்கும் பாலோவுக்கும் இடையே, ரயில் பாதையை ஒட்டி இருக்கும் சிறிய ஊர் பெக்கோக். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குச் செலாய் வழியாகப் போகிறவர்கள் இந்த ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். கெமாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான ரயில் பாதை 1909இல் முழுமை பெற்றது. அந்தத் தடத்தை ஒட்டி ரப்பர் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தமிழர்கள் அந்தத் தோட்டங்களில் காடு வெட்டினார்கள், மரம் நட்டார்கள், பால் வெட்டினார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் மலாயாவுக்கான தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதித்தது. அதற்குள் பல தலைமுறைகள் இங்கே வேர் விட்டிருந்தன.

அந்தக் காலத்தில் தோட்டத்து மனிதனுக்குப் பல் வலி வந்தால் என்ன நடந்தது என்பதை இன்றும் பல குடும்பங்களில் கதையாகச் சொல்வார்கள். முதலில் கிராம்பு, பிறகு உப்புத் தண்ணீர். அதற்கும் அடங்காவிட்டால் தோட்டத்து மருந்தகத்துக்குப் போய் டிரெஸ்ஸர் முன்னால் வாயைத் திறப்பது. டிரெஸ்ஸர் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், காயத்துக்குக் கட்டுப் போடுவார். பல்லைப் பொறுத்தவரை அவரிடம் இருந்த வைத்தியம் பெரும்பாலும் குறடு ஒன்றுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாட்டில் பல் மருத்துவர்களே அரிதாக இருந்த காலம் அது. சிங்கப்பூரில் பல் மருத்துவக் கல்வி தொடங்கியது 1929இல். மலாயாப் பல்கலைக்கழகம் கோலாலம்பூரில் பல் மருத்துவ மாணவர்களைச் சேர்த்தது 1970களின் தொடக்கத்தில்தான்.

நாட்டின் பல் சுகாதார வரலாற்றில் பெருமைப்படத்தக்க இரண்டு திருப்பங்கள் உண்டு. 1949இல் பினாங்கில் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. நியூசிலாந்து முறையைப் பின்பற்றிப் பயிற்சி பெற்ற அந்தத் தாதியர் பள்ளிப் பிள்ளைகளின் பற்களைக் கவனித்தார்கள். அடுத்து, 1957இல் ஜொகூர் பாருவில் குழாய் நீரில் ஃபுளோரைடு சேர்க்கப்பட்டது. அத்திட்டம் நாட்டிலேயே முதன்முதலில் தொடங்கியது நம் ஜொகூரில்தான். 1972இல் அது தேசியக் கொள்கையானது.

இரண்டும் நல்ல காரியங்கள். ஆனால் இரண்டும் குறிவைத்தது முக்கியமாகச் சொத்தைப் பல்லை. ஃபுளோரைடு பல்லைச் சொத்தையாகாமல் காக்கும். பல்லைப் பிடித்து நிற்கும் ஈற்றையும் எலும்பையும் அது காக்காது. பள்ளிப் பல் தாதி பிள்ளைகளைப் பார்ப்பார், பால் வெட்டும் அப்பாவையும் களை எடுக்கும் அம்மாவையும் பார்க்க மாட்டார். பெரியவர்களின் ஈறு நோய் இந்த இரண்டு திட்டங்களுக்கும் வெளியே தங்கிவிட்டது. சொத்தை இல்லாத, பார்வைக்குத் திடமான கடைவாய்ப்பல் நாற்பது வயதில் தானாக ஆடி விழுவதன் மர்மம் இங்கேதான் இருக்கிறது.

480 தொழிலாளர்கள்

அந்த மர்மத்தை அவிழ்க்க வந்தவர்களில் முக்கியமானவர் நார்வே நாட்டைச் சேர்ந்த ஹரால்ட் லோ. 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அவரும் அவருடைய குழுவும் ஓர் எளிய சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்றார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் எல்லோருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பியது. ஈறு வீக்கத்துக்குக் காரணம் பல்லில் படியும் கிருமிப் படலம் என்பது அன்று சந்தேகத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது.

அடுத்த கேள்வி பெரியது. ஈறு வீக்கத்தை அப்படியே விட்டுவிட்டால் ஒரு மனிதனின் வாழ்நாளில் என்ன ஆகும்? ஆர்ஹூசில் வாழ்நாள் முழுதும் பல் துலக்காதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. அதற்காக இரண்டு கூட்டத்தாரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று, 1969இல் ஓஸ்லோ நகரில் படித்த 565 பேர். சிறுவயது முதல் பல் மருத்துவர் கவனிப்பில் வளர்ந்தவர்கள். மற்றொன்று, 1970இல் இலங்கை மலைநாட்டின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தமிழ்த் தொழிலாளர்கள். வயது 14 முதல் 31 வரை. நோயைத் தடுக்கும் திட்டமோ சிகிச்சையோ அவர்களை எட்டியதே இல்லை.

மலாயாவுக்கு வந்தவர்களும் இலங்கைக்குப் போனவர்களும் ஒரே மண்ணிலிருந்து கிளம்பியவர்கள். ஒரே மாதிரியான கங்காணி முறைதான் இரு பக்கமும் ஆள் சேர்த்தது. மண்டபம் முகாம் வழியாகப் போனவர்கள் தேயிலைக்கும், நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் ரப்பருக்கும் பிரிந்தார்கள். அங்கேயும் வரிசை வீடுகள், அங்கேயும் தோட்டத்து மருந்தகம். ஆகவே இலங்கைத் தோட்டத்துப் பல்லின் கதை, பெக்கோக் போன்ற ஊர்களின் பழைய தலைமுறைக்கு அந்நியமான கதையல்ல.

ஆய்வாளர்கள் அந்த 480 பேரை 1970, 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் பரிசோதித்தார்கள். கடைசித் தடவை கிடைத்தவர்கள் 161 பேர்தான். அந்தப் பதினைந்து ஆண்டுகள் மலையகத் தமிழருக்குச் சாதாரண ஆண்டுகள் அல்ல. 1964இன் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1977இலும் 1983இலும் இனக் கலவரங்கள் நடந்தன. பல் வரிசையை எண்ணியவர்களின் ஏட்டில், ஒரு சமூகம் சிதறியதன் அடையாளமும் பதிந்திருக்கிறது.

கிடைத்த முடிவுகள் மருத்துவ உலகையே திகைக்க வைத்தன. ஏறக்குறைய எல்லோருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. பற்களில் காரை கெட்டியாகப் படிந்திருந்தது. ஆனால் சொத்தை கிட்டத்தட்ட இல்லை. அதனால் விழுந்த பற்கள் அனைத்தும் பெரும்பாலும் ஈறு நோயால் விழுந்தவை என்று துணிந்து சொல்ல முடிந்தது. நாற்பது வயதை நெருங்கும்போது ஓஸ்லோக்காரர்களுக்குப் பல்லைச் சுற்றிய பிடிப்பு சராசரியாக 1.5 மில்லிமீட்டர் அளவே இழப்பாகியிருந்தது. தோட்டத் தொழிலாளர்களுக்கு 4.5 மில்லிமீட்டர்.

அதைவிட முக்கியமான முடிவு 1986இல் வெளியானது. எல்லோரும் ஒரே மாதிரி பல் துலக்காதவர்கள். ஆனால் நோய் எல்லோரையும் ஒரே மாதிரி தாக்கவில்லை. சுமார் 8 விழுக்காட்டினருக்கு அது வேகமாக அழித்தது. 35 வயதில் அவர்களுக்குச் சராசரி இழப்பு 9 மில்லிமீட்டர், 45 வயதில் 13 மில்லிமீட்டர். சுமார் 81 விழுக்காட்டினருக்கு நடுத்தர வேகம். மீதி 11 விழுக்காட்டினருக்கு ஈறு வீங்கியது, ஆனால் நோய் எலும்பு வரை இறங்கவே இல்லை. அழுக்கு மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாடு வந்திருக்காது. அழுக்கு நெருப்பு என்றால், உடலின் எதிர்ப்பாற்றல் விறகு. ஒருவர் விறகு ஈரம், இன்னொருவர் விறகு காய்ந்தது.

2010இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டாஃப் ராம்சயரும் உடன் ஆய்வாளர்களும் அதே கூட்டத்தில் 75 பேரைத் தேடிப் பிடித்து மீண்டும் பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் ஒருவர் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தார். 2017இல் வெளியான அந்த அறிக்கையில் நமக்கெல்லாம் பயன்படும் ஒரு செய்தி இருக்கிறது. 30 வயதில் பிடிப்பின் சராசரி இழப்பு 1.8 மில்லிமீட்டருக்குள் இருந்தவர்களே, 60 வயதிலும் குறைந்தது 20 பற்களோடு இருக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்கள். அறுபதின் தலையெழுத்து முப்பதிலேயே ஓரளவு எழுதப்பட்டுவிடுகிறது.

ஒரு சங்கடமான கேள்வி

இந்த வரலாற்றை வெறும் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கடந்துபோக முடியாது. பல் துலக்கினால் ஈறு வீக்கம் ஆறும் என்று 1965இலேயே நிறுவியவர் லோ. ஐந்தாண்டு கழித்துத் தொடங்கிய ஆய்வின் நோக்கமோ, சிகிச்சையே இல்லாவிட்டால் நோய் எப்படிப் போகும் என்று பார்ப்பது. அறிந்த வைத்தியத்தைச் சொல்லாமல் பதினைந்து ஆண்டுகள் அளந்துகொண்டிருப்பது நியாயமா?

தோட்டத்தில் முன்பே இல்லாத வசதியை ஆய்வு ஒன்றும் பறித்துவிடவில்லை என்பது ஒரு வாதம். அந்த அறிவால் உலகில் எத்தனையோ பேர் பயன் பெற்றார்கள் என்பது இன்னொரு வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஓஸ்லோவின் 565 பேருக்குச் சிகிச்சை இருந்தது, தோட்டத்தின் 480 பேருக்கு அளவுகோல் மட்டுமே இருந்தது என்பதும் உண்மை. இன்றைய ஆய்வு நெறிமுறைகளின்படி இப்படி ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைப்பது கடினம். அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. ஆனால் அவர்கள் வாயில் எடுத்த அளவுகளை உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்.

கவட்டையில் குடியேறும் நோய்

ஈறு நோய் எல்லாப் பற்களையும் தாக்கினாலும் கடைவாய்ப்பல்லுக்கு ஏன் தனி ஆபத்து? முன்பல்லுக்கு ஒரே வேர். கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு இரண்டு வேர், மேல் கடைவாய்ப்பல்லுக்கு மூன்று. மரத்தில் கிளை பிரியும் இடத்தைக் கவட்டை என்போம். கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரியும் இடமும் ஒரு கவட்டைதான். ஆரோக்கியமான வாயில் அந்தக் கவட்டை எலும்புக்குள் புதைந்திருக்கும்.

ஈறு நோய் எலும்பைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது கவட்டை திறந்துகொள்கிறது. அதற்குள் உணவுத் துணுக்கும் கிருமியும் தங்கும். பல் துலக்கும் பிரஷ் அங்கே போகாது. பல இடங்களில் மருத்துவரின் கருவியே நுழையத் திணறும் அளவுக்கு வாசல் குறுகலாக இருக்கும். வீட்டுக் கூரையின் மூலையில் குளவி கூடு கட்டியது போல, நோய் அங்கே பாதுகாப்பாகக் குடியேறிவிடும்.

1975இல் சுவீடன் மருத்துவர்கள் இந்தச் சேதத்தை மூன்று படிகளாகப் பிரித்தார்கள். கவட்டைக்குள் 3 மில்லிமீட்டருக்குள் சேதம் என்றால் முதல் படி. அதற்கு மேல் போனாலும் மறுபக்கம் வரவில்லை என்றால் இரண்டாம் படி. கருவி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளிவந்தால் மூன்றாம் படி. எந்தப் பல்லுக்கு எந்தச் சிகிச்சை என்று முடிவு செய்ய மருத்துவர்கள் இன்றும் இந்தக் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

புல் முந்தினால் கன்று வளராது

நீண்ட காலம் மருத்துவர்கள் செய்தது இதுதான். ஈற்றைத் திறந்து, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மூடித் தைத்தார்கள். நோய் அடங்கியது. ஆனால் போன எலும்பும் பிடிப்பும் பெரும்பாலும் திரும்பவில்லை. காரணம் என்ன என்று 1976இல் கனடாவின் டொராண்டோவிலிருந்து மெல்ச்சர் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். சுத்தம் செய்த காயத்தில் எந்த வகை அணு முதலில் குடியேறுகிறதோ, அந்த வகைத் திசுதான் அங்கே வளரும் என்பது அவர் கருத்து.

இதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். காடு அழித்த நிலத்தைச் சும்மா விட்டால் முதலில் முளைப்பது லாலாங் புல். அது முந்திக்கொண்டால் ரப்பர் கன்று தலையெடுக்காது. வாயிலும் அதே கதைதான். ஈற்றின் மேல்தோல் அணுக்கள் மிக வேகமாகப் பரவும். எலும்பும், பல்லை எலும்போடு கட்டும் நார்த் திசுவும் மெதுவாக வளரும். மேல்தோல் ஓடி வந்து வேரை மூடிவிட்டால் மற்றவற்றுக்கு இடமில்லை.

அப்படியானால் புல்லைத் தடுத்தால் என்ன? சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஸ்டூரே நீமன், யான் லிண்டே, காரிங், ரிலாண்டர் ஆகியோர் அதைச் செய்து பார்த்தார்கள். எப்படியும் பிடுங்க வேண்டிய நிலையிலிருந்த ஒரு கீழ் முன்பல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். வேருக்கும் ஈற்றுக்கும் நடுவே, ஆய்வுக்கூடத்தில் பயன்படும் மெல்லிய வடிதாளை வைத்துத் தைத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பல்லை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, நோய் அரித்த வேரின் மேல் புதிய பிடிப்பு உண்டாகியிருந்தது. 1982இல் வெளியான அந்தச் சிறிய அறிக்கைதான், இழந்த திசுவை மீண்டும் வளர்க்கலாம் என்ற நம்பிக்கையை மனிதப் பல்லில் முதன்முதலில் காட்டியது.

பிறகு வடிதாளுக்குப் பதிலாக வலுவான செயற்கைப் படலம் வந்தது. மழைக்கோட்டுத் துணிகளுக்குப் புகழ்பெற்ற கோர்டெக்ஸ் குடும்பத்துப் பொருள் அது. 1988இல் பொன்டோரியரோவும் சக மருத்துவர்களும் இரண்டாம் படிச் சேதம் இருந்த கீழ்க் கடைவாய்ப்பற்களில் இதைச் சோதித்தார்கள். படலம் வைத்த கவட்டைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முழுமையாக மூடிக்கொண்டன. படலம் இல்லாமல் சிகிச்சை பெற்றவற்றில் பத்தில் ஒன்றுதான் மூடியது.

செயற்கைப் படலத்தில் ஒரு தொல்லை இருந்தது. அது கரையாது. அதை எடுக்க இன்னொரு முறை ஈற்றைத் திறக்க வேண்டும். எனவே தானே கரையும் படலங்கள் உருவாக்கப்பட்டன. கூடவே எலும்புத் துகள் வைக்கும் முறை வளர்ந்தது. 1990களில் சுவீடனின் ஹாமர்ஸ்ட்ரோம் குழுவினரின் ஆய்விலிருந்து, முளைக்கும் பல்லின் எனாமல் புரதத்தைப் பசைபோல வேரில் தடவும் முறை வந்தது. 2001இல் பிரான்சின் ஜோசப் ஷுக்ரூன் நோயாளியின் சொந்த ரத்தத்தைச் சுழற்றி அதிலிருந்து நார்ப் படலம் எடுக்கும் முறையை அறிமுகம் செய்தார்.

இங்கே நம்மைப் போன்ற பல சமய நாட்டினர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எனாமல் புரதப் பசை பன்றியின் பல் முளையிலிருந்து எடுக்கப்படுவது. கரையும் படலங்களிலும் எலும்புத் துகள்களிலும் பல மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வருபவை. சமயக் காரணத்தால் தயக்கம் உள்ளவர்கள் அறுவைக்கு முன்பே, "டாக்டர், இந்தப் பொருள் எதிலிருந்து எடுத்தது? வேறு வகை இருக்கிறதா?" என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல, நோயாளியின் உரிமை.

எது முடியும், எது முடியாது?

வியாபார விளம்பரங்கள் சொல்வது போல எல்லாப் பல்லையும் புதிதாக்க இந்தச் சிகிச்சையால் முடியாது. கீழ்க் கடைவாய்ப்பல்லில் இரண்டாம் படிச் சேதத்துக்கு நல்ல பலன் உண்டு. மேல் கடைவாய்ப்பல்லில் கன்னத்தை நோக்கிய பக்கத்தில் அதே படி என்றாலும் பயன் எதிர்பார்க்கலாம். 2020இல் வெளியான ஐரோப்பிய ஈறு நோய் மருத்துவக் கூட்டமைப்பின் வழிகாட்டியும் இவ்விரண்டுக்கும் மீள்வளர்ப்பு அறுவையைப் பரிந்துரைக்கிறது. மூன்றாம் படிக்குப் போய்விட்டால் பலனை உறுதியாகச் சொல்ல முடியாது. அப்போது கவட்டையைச் சுத்தம் செய்ய வழி விடுவது, ஒரு வேரை மட்டும் எடுப்பது போன்ற பழைய முறைகளை மருத்துவர் யோசிப்பார்.

அறுவை என்றதும் பயப்படவும் வேண்டாம். வாயின் அந்தப் பகுதியை மட்டும் மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் நாற்காலியிலேயே செய்துவிடுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். சில வாரங்கள் அந்தப் பக்கம் மெல்லக் கூடாது, மருத்துவர் தரும் மருந்துத் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். எலும்பு வளர்ந்ததா என்று பார்க்க ஆறு மாதம் முதல் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். சிகரெட் பிடிப்பவருக்கும் இனிப்பு நீர் கட்டுக்குள் இல்லாதவருக்கும் பலன் குறையும்.

அதைவிட முக்கியம், அறுவைக்குப் பின் வரும் கவனிப்பு. 1978இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்று, தொடர்ந்து மருத்துவரிடம் வந்துபோன 600 பேரைச் சராசரியாக 22 ஆண்டுகள் பின்தொடர்ந்தது. கவட்டை பாதிக்கப்பட்ட பற்களில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அத்தனை காலத்திலும் விழுந்தது. இத்தனைக்கும் அது படலம், பசை எதுவும் வராத காலம்! தவறாமல் வந்து சுத்தம் செய்துகொண்டதே பல்லைக் காத்தது. தேயிலைத் தோட்டத்து 480 பேருக்கும் இந்த 600 பேருக்கும் நடுவே இருந்த முக்கிய வித்தியாசம், ஒரு நாற்காலியும் வருடத்தில் சில வருகைகளும்தான்.

பெக்கோக்கிலிருந்து நாற்காலி வரை

இன்று பெக்கோக் வட்டாரத்தில் பால்மரத்தின் இடத்தைப் பெரும்பாலும் செம்பனை பிடித்துக்கொண்டது. டிரெஸ்ஸரின் குறடு காலம் முடிந்துவிட்டது. அரசாங்கப் பல் மருத்துவச் சேவை சிற்றூர்களையும் எட்டுகிறது. ஆனால் ஈறு நோய் சிறப்பு மருத்துவர் என்று ஒரு தனிப் பிரிவு இருப்பதே பலருக்குத் தெரியாது. சாதாரணப் பல் மருத்துவரிடம் காட்டி, பரிந்துரைக் கடிதம் வாங்கி, பெரிய ஊருக்குப் போய், முறைக்குக் காத்திருந்து, பிறகும் பலமுறை போய்வர வேண்டும். தினக்கூலிக்கு வேலை செய்பவருக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு நாள் சம்பளம். பிடுங்கினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். 'பிடுங்கிவிடுங்க டாக்டர்' என்று அவர் சொல்வதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. அந்தக் கணக்கும் காரணம்.

இது சிலருடைய பிரச்சினையும் அல்ல. 2010ஆம் ஆண்டின் தேசியப் பெரியவர் வாய்ச் சுகாதார ஆய்வின்படி, பல் உள்ள பெரியவர்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏதாவது ஓர் அளவில் ஈறு பாதிப்பு இருந்தது. 18.2 விழுக்காட்டினருக்கு அது கடுமையாக இருந்தது. இதோடு இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியவந்தது. இனிப்பு நீர் ஈறு நோயைத் தூண்டும், முற்றிய ஈறு நோய் ரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவரச் சிரமப்படுத்தும். ஒன்றுக்கொன்று எண்ணெய் ஊற்றும் இரண்டு நெருப்புகள். எந்தச் சமூகத்துக்கு ஈறு பரிசோதனை மிகவும் தேவை என்பதை இதற்கு மேல் சொல்லவும் வேண்டுமா?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. துலக்கும்போது ரத்தம் வந்தால் அது ஈறு சொல்லும் முதல் செய்தி. புகைப்பவருக்கு அந்த ரத்தக்கசிவும் குறைவாகத் தெரியும், வெற்றிலை போடுபவருக்கு அதன் சிவப்பில் அது மறைந்துவிடும். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முப்பது வயதைத் தொடுவதற்குள் ஒரு முறையாவது, "டாக்டர், சொத்தை மட்டும் பார்க்காதீங்க, ஈற்றோட ஆழத்தையும் அளந்து சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். சில நிமிடங்களில் மெல்லிய கருவியால் அளந்துவிடுவார்கள். கடைவாய்ப்பல் இலேசாக ஆடினால், பிடுங்கச் சொல்வதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து, எத்தனையாவது படி என்று கேட்க வேண்டும். முதல் படியில் சுத்தம் செய்வதே போதும். இரண்டாம் படியில் மீள்வளர்ப்பு அறுவைக்கு இடமுண்டு. மூன்றாம் படி வரை காத்திருப்பதுதான் நஷ்டம்.

பொது அமைப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு. கோயில் திருவிழாவிலும் தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியிலும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் முகாம்கள் நடக்கின்றன. அதே மேசையின் பக்கத்தில் ஒரு பல் மருத்துவரை உட்காரவைத்தால், ஆடும் பற்களில் பலவற்றை ஆடுவதற்கு முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

தோட்டத்துத் தமிழர்களின் வாயைத் திறந்து பார்த்துத்தான், கவனிக்கப்படாத ஈறு நோய் எங்கே போய் முடியும் என்று உலகம் கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தின் பலன் ஓஸ்லோவுக்கும் கோத்தன்பர்க்குக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெக்கோக்கில் செம்பனை வெட்டப் போகும் ஒருவர், மற்றவர்களைப் போலத் தன் கடைவாய்ப்பல்லால் அறுபதிலும் முறுக்குக் கடித்துச் சாப்பிட வேண்டும். அந்த 480 பேருக்கு உலகம் பட்ட கடன் அப்போதுதான் கொஞ்சமாவது தீரும். அதற்கு முதல் அடி, அடுத்த முறை ஈற்றில் ரத்தம் பார்க்கும்போது வாயைக் கொப்பளித்துவிட்டு மறந்துபோகாமல் இருப்பது.